சிவமணியின் இடது தோள்

கழுத்து நோவென்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பொய் சொல்லுவார்கள். நோ பொய்யில்லை, காரணம்தான் பொய். தலையணை சரியில்லை என்பார்கள், கூதல் காற்றுப் பட்டது என்பார்கள், பஸ்காரன் திடீரென்று பிரேக் அடித்தான் என்பார்கள். கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிப் பகுதியில் என் வாலிபம் முழுவதும் போனது. இந்தக் கதைகளைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஆனாலும் சிவமணி சொன்னது மாதிரி ஒரு பொய்யை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அவள் வந்தது தொண்ணூற்றேழாம் ஆண்டு மழைக்காலத்தில். நாற்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு, நன்றாக மடிப்புக் குலையாமல் உடுத்திய நூல்சேலை. நான் பெயரைக் கூப்பிட்டதும் தலையைத் திருப்ப முடியாமல் உடம்பு முழுவதையும் திருப்பி என்னைப் பார்த்தாள். இடது தோள் காதுக்குப் பக்கத்தில் ஏறி நின்றது. எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றும் இல்லை. தசைதான் இறுகிப்போயிருக்கிறது, ஒத்தடம், மசாஜ், தசையைத் தளர்த்தும் பயிற்சி, இரண்டு கிழமை வேலையிலிருந்து ஓய்வு என்று டொக்டர் எழுதியிருந்தார்.

"எப்படி வந்தது?" என்று கேட்டேன்.

"கிணத்தில தண்ணி அள்ளினனான் மிஸ்."

"எங்க இருக்கிறீங்க?"

"வெள்ளவத்தையில. லொட்ஜில."

"வெள்ளவத்தை லொட்ஜில எங்கம்மா கிணறு?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "இது யாழ்ப்பாணத்தில அள்ளினது" என்றாள். அங்கிருந்து இடம்பெயர்ந்து வந்து எவ்வளவு காலம் என்று கேட்டேன். இரண்டு வருடமாம். இரண்டு வருடத்துக்கு முந்திய வாளி இப்போது வந்து கழுத்தைப் பிடித்திருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. நோயாளி என்றாலும் ஒரு அளவு வேண்டாமா?

சூடான பையை வைத்து இறுக்கம் கொஞ்சம் இளகியதும் கையை வைத்தேன். கழுத்திலிருந்து தோள்மூட்டு வரைக்கும் ஓடுகிற அந்தப் பெரிய தசையில் கொட்டைப்பாக்கு அளவுக்கு முடிச்சு முடிச்சாக இருந்தது. மெதுவாக, பெருவிரலால் வட்டம் போட்டுப் போட்டு அமுக்கினேன். பலமாக அமுக்கக் கூடாது. எங்கள் சனத்துக்கு உயிர் போகிற மாதிரிப் பிசைந்தால்தான் வைத்தியம். சலூனில் தலையைப் பிடித்து 'கடக்' என்று முறித்துவிட்டால் இன்னும் திருப்தி. நான் அப்படிச் செய்கிறவள் இல்லை, செய்கிறவர்களைத் திட்டுகிறவள். போகும்போது சிவமணி தலையை ஒரு பக்கம் கொஞ்சம் திருப்பிக் காட்டினாள். வியாழக்கிழமை திரும்ப வரச் சொன்னேன். "ஓம் மிஸ்" என்றாள். வரவேயில்லை.

என்னிடம் ஒரு கெட்ட குணம். நோயாளி வராமல் விட்டால் அது எனக்குச் செய்த மரியாதைக் குறைவாகப் படும். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் கிளறன்சுக்கு இது நன்றாகத் தெரியும். கிளறன்ஸ் என் புருஷன், துறைமுகத்தில் கிளாக். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் மீன்குழம்பு உறைத்ததற்குச் சிவமணிதான் காரணம் என்று அவர் இன்றைக்கும் சொல்லுவார்.

சனிக்கிழமைகளில் நான் வெள்ளவத்தைக்குப் போவேன். பாரிசவாதம் வந்த சவுந்தரநாயகம் மாஸ்டருக்குக் கை கால் பயிற்சி கொடுக்கிற வேலை. அப்படிப் போன ஒரு நாள், தங்கச்சிக்கு ஒரு கோல் எடுக்கலாம் என்று காலி வீதியில் ஒரு கொமியூனிகேசனுக்குள் நுழைந்தேன். அந்த நாளில் வெள்ளவத்தையில் நகைக்கடைக்கும் சேலைக்கடைக்கும் அடுத்தபடி அதிகமாக இருந்தது இந்த டெலிபோன் கடைகள்தான். பிள்ளைகள் கனடாவிலும் ஜெர்மனியிலும் லண்டனிலும்; தாய்மார் ஒழுங்கைக்கு ஒழுங்கை லொட்ஜ்களில். உள்ளே கவுண்டரில் என் நோயாளி இருந்தாள்.

ஒரு ரிசீவர் இடது காதுக்கும் இடது தோளுக்கும் நடுவில் இறுகிக் கிடந்தது. வலது கையால் நேரம் எழுதுகிறாள். இடது கையால் மற்றப் போனின் நம்பரை அழுத்துகிறாள். வாயால் டெலிபோன் கூண்டுக்குள் நிற்கிறவரிடம், "ஐயா, இப்ப கதையுங்கோ" என்கிறாள். நான் நேராகப் போய் முன்னால் நின்றேன்.

"இதுதானா உங்கட கிணறு?" என்றேன்.

சிவமணிக்கு முகம் வெளுத்துவிட்டது. பிறகு அவள் சிரித்தாள். நான் அவள் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான், அதற்குப் பிறகு என்னால் அவளோடு கோபமாக இருக்க முடியாமல் போய்விட்டது.

அந்தக் கடையின் வேலைமுறையைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஒரு பிள்ளை கோல் எடுப்பான். "அக்கா, இன்ன ஒழுங்கையில, இன்ன வீட்டில அம்மாவைக் கூப்பிட வேணும்" என்பான். சிவமணி, "சரி தம்பி, பதினைஞ்சு நிமிசத்தால எடுங்கோ" என்று சொல்லி வைத்துவிடுவாள். வளவளவென்று கதைத்தால் லைன் மற்றவர்களுக்குக் கிடைக்காது. கடைக்குள் சுவர் ஓரமாக ஒரு வாங்கு. தங்கள் தங்கள் கோலுக்காகக் காத்திருக்கும் பெண்கள் அதில் வரிசையாக இருப்பார்கள். அவர்களில் ஒருத்தி எழும்பி ஓடிப்போய் அந்தத் தாயைக் கூட்டி வருவாள். நாளைக்கு அந்தத் தாய் இவளுக்காக ஓடுவாள். சொந்தமில்லை, ஊரும் ஒன்றில்லை, ஆனாலும் ஓடுவார்கள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, குளித்த தலையோடு, ஒரு காலில் செருப்போடு வந்து சேர்ந்த தாய்மாரையெல்லாம் நான் அங்கே பார்த்திருக்கிறேன்.

"ரெண்டு கிழமை லீவு எடுக்கச் சொல்லி டொக்டர் எழுதினாரே, என்ன ஆச்சு?" என்று கேட்டேன். சிவமணி நேரத்தை எழுதிக்கொண்டிருந்தாள். கடை முதலாளி தியாகராசாதான் சொன்னார். "நான் லீவு தாறன் எண்டு சொல்லிப்போட்டன், மிஸ். ஞாயிற்றுக்கிழமைகூட நிக்க வேண்டாம் எண்டுறன். அவதான் போறா இல்லை."

பத்மாவதி என்று ஒரு பெண், சிவமணியின் லொட்ஜில் பக்கத்து அறைக்காரி, அன்று வாங்கில் இருந்தாள். என்னை வாசலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னாள்.

சிவமணியின் புருஷன் யோகநாதன் ஒரு கூட்டுறவுக் கடை மனேஜர். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டு நடந்தபோது இவர்களும் நடந்தார்கள். அவருக்கு நீரிழிவு. கொண்டுபோன மருந்து முடிந்து, சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் வைத்துப் போய்விட்டார். மிஞ்சியது ஒரே மகன், கேதீசன். பதினாறு வயது. அந்த வயதுப் பையனை வைத்துக்கொண்டு அங்கே இருந்தாலும் பயம், கொழும்புக்கு வந்தாலும் பயம். காணியை விற்று ஒரு ஏஜென்ட்டிடம் கொடுத்து அவனை அனுப்பினாள். பாங்கொக்கிலிருந்து ஒரு தரம் கதைத்தான், இந்தக் கடைக்கு எடுத்துத்தான். "அம்மா, நாளைக்கு வெளிக்கிடுறம். போய்ச் சேர்ந்திட்டு இந்த நம்பருக்கே எடுக்கிறன்" என்றான். அது சித்திரை வருசப்பிறப்புக்கு முந்திய கிழமை. அதற்குப் பிறகு பேச்சு மூச்சு இல்லை. ஏஜென்டைக் கேட்டால், "பிள்ளை பத்திரமா இருக்கிறான்" என்பான். எங்கே என்றால் அவனுக்கே தெரியாது.

முதல் மாதம் முழுவதும் சிவமணி வாங்கில் இருந்தாள். காலை கடை திறக்க வந்தால் பூட்டும்வரைக்கும் அசையமாட்டாள். தியாகராசா மனுஷன் நல்லவர். "சும்மா இருக்கிற நேரம் இந்தக் கதிரையில இரும்" என்று வேலையைக் கொடுத்தார். அப்படித்தான் அவள் போனுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தாள். மகனுக்குத் தெரிந்தது அந்த ஒரு நம்பர்தான். அவள் இல்லாத நேரத்தில் அவன் எடுத்து, யாரோ தெரியாதவர் தூக்கி, அவன் பயந்து வைத்துவிட்டால்? பிறகு எங்கே போய்த் தேடுவது? அதனால்தான் என்னிடம் பிறகு வரவேயில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் வர ஒரு காலைப்பொழுது போய்விடும்.

பத்மாவதி சொல்லி முடித்தாள். மனம் இளகுகிற நேரத்தில்தான் எனக்கு வாய் கூடும். உள்ளே போய், "இந்தா சிவமணி, நீங்க ஆஸ்பத்திரிக்கு வர வேணாம். சனிக்கிழமை சனிக்கிழமை நானே இங்க வாறேன். வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னீங்க, அந்தப் போன் வயரைப் பிடுங்கிப் போடுவேன்" என்றேன். தியாகராசா பயந்து போனைப் பார்த்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமை பின்னேரமும் வைத்தியம் அந்தக் கவுண்டரிலேயே நடந்தது. கடையில் சனம் குறைந்த நேரம் அது. அவள் கதிரையில் இருந்தபடி, கவுண்டரில் ஒரு தலையணையை வைத்து நெற்றியைச் சாய்த்துக்கொள்வாள். போன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். நான் பின்னால் நின்று சுடுதண்ணீர்ப் பையை வைத்து, பிறகு தடவுவேன். தேங்காய் எண்ணெய் போதும் என்று நான் சொன்னாலும், சித்தாலேபத் தைலம் போடாவிட்டால் அவளுக்கு வைத்தியம் செய்த மாதிரியே இருக்காது. போடட்டும் என்று விட்டுவிட்டேன். என் கை மணத்தைப் பிடித்தே கிளறன்ஸ் இன்றைக்குச் சனிக்கிழமை என்று கண்டுபிடிப்பார். "வெள்ளவத்தையில ஒரு தோள் என் பெண்சாதியைப் பிடிச்சு வச்சிருக்கு" என்பார்.

நான் காசு வாங்கவில்லை, அவள் என்னைச் சும்மா அனுப்பவும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு கடதாசிச் சரை நிறையத் தட்டை வடை வைத்திருப்பாள், லொட்ஜில் மண்ணெண்ணெய் அடுப்பில் சுட்டது. நான் எங்கள் பக்கத்து மீன் கட்லட் கொண்டுபோவேன். வெள்ளி, செவ்வாய் சைவக்காரிக்குச் சனிக்கிழமையில் மட்டும் கட்லட்டின் மேல் ஒரு பக்தி இருந்தது.

உண்மையைச் சொன்னால், மசாஜ் என்பது பெரிய மந்திரமில்லை. அன்றைக்குச் சுகமாக இருக்கும், அடுத்த நாளும் இருக்கும். பழைய பழக்கம் மாறாவிட்டால் தசை பழைய இடத்துக்கே போய் நிற்கும். ரிசீவரைக் கையால் பிடிக்கப் பழக்கினேன். தோளில் வைக்கிறதைக் கண்டால் ஸ்கேலால் தட்டுவேன் என்றேன், ஒரு தரம் தட்டியும் விட்டேன். அது ஒருவாறு சரிவந்தது. சரிவராதது தளர்த்துகிற பயிற்சி.

அந்தப் பயிற்சி லேசானது. மூச்சை இழுத்து இரண்டு தோளையும் காதுவரைக்கும் தூக்கி, நன்றாக இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிறகு மூச்சோடு சேர்த்து அப்படியே விட்டுவிட வேண்டும். இறுக்கினால்தான் தசைக்குத் தளர்வு எதுவென்று தெரியவரும். சிவமணி இழுப்பாள், தூக்குவாள், இறுக்குவாள். இதெல்லாம் நன்றாக வரும். விடுங்க என்றால் மட்டும் வலது தோள் இறங்கும், இடது தோள் பாதி வழியில் நிற்கும்.

"விடுங்க சிவமணி."

"விட்டிட்டன் அக்கா."

"எங்க விட்டீங்க? என் கைக்குள்ளதானே இருக்கு. கல்லு மாதிரி இருக்கு."

"நான் விட்டிட்டன். அதுதான் போகுதில்லை."

போன் மணி அடித்தால் முடிந்தது. அவள் தலையைத் தூக்குமுன்பே, முதல் மணிக்கே, என் விரலுக்கு அடியில் அந்தத் தசை துள்ளி இறுகும். நான் அரை மணித்தியாலம் பாடுபட்டு இளக்கியது ஒரு மணியோடு போய்விடும். அவள் ரிசீவரை எடுத்து, "ஆரைக் கூப்பிட வேணும் தம்பி?" என்று கேட்பாள். அது வேறு யாருடையவோ மகனாக இருக்கும். பதினைந்து நிமிடத்தால் எடுக்கச் சொல்லுவாள். வாங்கிலிருந்து யாரோ எழும்பி ஓடுவார்கள். சிவமணி திரும்பவும் தலையணையில் நெற்றியை வைப்பாள். நான் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவேன்.

அவள் அழுது நான் பார்க்கவில்லை. மற்றத் தாய்மார் கூண்டுக்குள் நின்று பிள்ளைகளோடு கதைத்து அழுவார்கள், சிரிப்பார்கள். இவள் மணிக்கூட்டைப் பார்த்து நேரம் எழுதுவாள். வெளியே வருகிறவளிடம், "என்னவாம் பிள்ளை? சுகமாமோ?" என்று கேட்பாள். கேட்கும்போது அவள் முகத்தில் பொறாமை இருந்ததா என்று நான் தேடிப் பார்த்திருக்கிறேன். இல்லை. எனக்கென்றால் இருந்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை வாங்கில் இருந்த பெண்களைப் பார்த்தேன். அத்தனை பேருடைய தோளும் காதடியில் நின்றது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "எல்லாரும் நிமிர்ந்து இருங்க. மூச்சை இழுங்க. தோளைத் தூக்குங்க" என்றேன். முதலில் வெட்கப்பட்டார்கள். பிறகு தூக்கினார்கள். "பிடிங்க, பிடிங்க, விடுங்க." பொத்தென்று விட்டார்கள். பத்மாவதிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. திரும்பவும் ஒரு தரம் எல்லாரும் தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து இரண்டு பொலிஸ்காரர்கள் வடக்கிலிருந்து வந்தவர்களின் பதிவு பார்க்க உள்ளே வந்தார்கள்.

பெண்கள் தோளை இறக்க மறந்து அப்படியே இருந்தார்கள். "மே மொகத கரன்னே?" என்று ஒருவன் கேட்டான். இதென்ன செய்கிறீர்கள் என்று. நான் கொட்டாஞ்சேனைக்காரி, சிங்களத்துக்குப் பயமில்லை. "பெல்லே கெக்கும, மாத்தயா. வியாயாம" என்றேன். கழுத்து வலி, அதற்கு இது பயிற்சி என்று. அவன் ஒவ்வொருவருடைய பொலிஸ் பதிவுத் துண்டையும் வாங்கிப் பார்த்தான். போகிற நேரம் துவக்குப் பட்டி கிடந்த தன் தோளைத் தொட்டு, "மடத் தியெனவா" என்றான். தனக்கும் இருக்கிறதாம். அவர்கள் வாசலைத் தாண்டிய பிறகுதான் வாங்கில் தோள்கள் இறங்கின.

தொண்ணூற்றெட்டு ஆடி மாதம் வந்தது. பாங்கொக் கோலுக்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல். ஏஜென்டின் வீடு பூட்டிக் கிடந்தது. பத்மாவதி என்னிடம் மெதுவாக, "இனி எங்க அக்கா" என்றாள். நான் அவளை அதட்டினேன். அதட்டினேனே தவிர, எனக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான். ஒவ்வொரு செவ்வாயும் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய், "எனக்கு வேற ஒண்ணும் வேணாம், அந்தப் பொடியன் ஒரு தரம் போன் எடுத்தாப் போதும்" என்று சண்டை பிடித்துவிட்டு வருவேன்.

அந்தச் சனிக்கிழமை நல்ல புழுக்கம். கடல் பக்கத்திலிருந்து காற்றே இல்லை. கடைக்குள் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கூண்டில் ஒருவரும் இல்லை. வாங்கில் பத்மாவதியும் இன்னும் இரண்டு பெண்களும், மூவரும் சிவமணியின் ஐம்பத்தேழாம் ஒழுங்கை லொட்ஜ்காரர்கள். சிவமணி முதல்நாள் இரவு முழுவதும் காய்ச்சலில் கிடந்துவிட்டு வந்திருந்தாள். நான் ஒத்தடம் கொடுத்து, கழுத்தின் அடியிலிருந்து மேலே, மேலிருந்து தோளுக்கு, மெதுவாகத் தடவிக்கொண்டேயிருந்தேன். "இழுங்க, தூக்குங்க, விடுங்க" என்றேன்.

இடது தோள் இறங்கியது.

நான் நம்பவில்லை. கையை எடுத்துத் திரும்ப வைத்துப் பார்த்தேன். முடிச்செல்லாம் இளகி, தசை பஞ்சாகக் கிடந்தது. மூச்சு நீளமாக, அமைதியாக வந்தது. என் வாழ்நாளில் எத்தனையோ கழுத்துகளைத் தளர்த்தியிருக்கிறேன், அன்றைக்கு வந்த சந்தோஷம் எனக்கு வேறெதற்கும் வந்ததில்லை. பத்மாவதிக்குச் சைகை காட்டினேன். அவள் வாயில் விரலை வைத்து மற்ற இரண்டு பேரையும் அமத்தினாள்.

அப்போது போன் அடித்தது. தோள் துள்ளவில்லை. இரண்டாம் மணிக்கும் துள்ளவில்லை. மூன்றாவதுக்குச் சிவமணி நெற்றியைத் தலையணையில் வைத்தபடியே, கண்ணைத் திறக்காமல் கையை நீட்டி ரிசீவரை எடுத்தாள்.

"ஹலோ. ஓம் தம்பி. ஆரைக் கூப்பிட வேணும்?"

எனக்கு மற்றப் பக்கத்துக் குரல் இரைச்சலோடு கேட்டது. கட்டைக் குரல், தடிமன் பிடித்த மாதிரி. "அக்கா, அம்மாவோட கதைக்க வேணும்."

"எங்க இருக்கிறா?"

"ஐம்பத்தேழாம் ஒழுங்கை. லொட்ஜில."

"சரி தம்பி. பதினைஞ்சு நிமிசத்தால எடுங்கோ. கூப்பிட்டு வைக்கிறன்."

வைத்துவிட்டாள். தலையைத் தூக்கி, நித்திரை கலையாத முகத்தோடு வாங்கைப் பார்த்து, "உங்கட லொட்ஜுக்குத்தான். ஆற்ற பிள்ளை?" என்று கேட்டாள்.

"என்ர ரெண்டும் பொம்பிளைப் பிள்ளையள்" என்றாள் பத்மாவதி.

"என்ர மகன் காலமையே எடுத்திட்டான்" என்றாள் இரண்டாமவள். மூன்றாமவள் புருஷனின் கோலுக்கு இருந்தவள், அவளுக்குப் பிள்ளையே இல்லை.

"அப்ப மேல்மாடியில ஆர்?" என்றாள் சிவமணி. "அந்த மானிப்பாய் ஆக்கள் இருக்கினமோ?"

"அவை போன மாசமே போயிட்டினம்."

பத்மாவதி எழும்பி நின்றாள். "சிவமணி" என்றாள். "அந்த லொட்ஜில நீரும்தானே இருக்கிறீர்."

என் கை இன்னும் அவள் தோளில்தான் இருந்தது. அந்தத் தசை இறுகியதை நான் சொல்லத் தேவையில்லை. அவள் போனைப் பார்த்தாள். "இல்லை" என்றாள். "அவன்ர குரல் இப்பிடி இல்லை. அவன்ரது சின்னப் பிள்ளைக் குரல். இது பெரிய ஆம்பிளை." பிறகு, "என்னை அக்கா எண்டெல்லோ சொன்னவன்" என்றாள்.

அவள் அங்கே வேலை செய்வது அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் கடைசியாகக் கதைத்தபோது அவள் வாங்கில் இருந்த ஒரு தாய்; இந்தக் கவுண்டர்க் குரலை அவன் கேட்டதில்லை.

ஒரு வருடமாக வேறு யாரும் தூக்கிவிடக் கூடாதென்று காத்த போனைத் தானே தூக்கி, தானே வைத்திருக்கிறாள். பெயர் கேட்கவில்லை. எந்த நாடு என்று கேட்கவில்லை. தியாகராசா ஓடிவந்து போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நம்பர் காட்டுகிற போன் அந்த நாளில் ஏது? சிவமணி, "நானே வைச்சுப்போட்டன், நானே வைச்சுப்போட்டன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். இத்தனை மாதமாக விடுங்க விடுங்க என்று நச்சரித்தவள் நான். அவள் விட்ட அந்த ஒரு நேரத்தில்தானா அது வர வேண்டும்?

என்ன செய்வதென்று தெரியாமல் வழக்கம்போல அவள் தோளைப் பிடித்து, "மூச்சை இழுங்க சிவமணி, மெல்ல" என்றேன்.

"கையை எடுங்கோ அக்கா" என்றாள். "இளகினது போதும்."

எடுத்துவிட்டேன். அவள் என்னிடம் அப்படிப் பேசியது அந்த ஒரு தரம்தான்.

போன் அடித்தது. சிவமணி பாய்ந்து எடுத்தாள். யாரோ ஜெர்மனியிலிருந்து, நாற்பத்திரண்டாம் ஒழுங்கைக்கு. "பிறகு எடுங்கோ, பிறகு எடுங்கோ" என்று வாங்கிலிருந்த மூன்று பேரும் சேர்ந்து கத்தினார்கள். அவள் வைத்தாள். கோல் எடுக்க வந்த ஒருவரைத் தியாகராசா வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார். பதினைந்து நிமிடம் ஆனது. அதற்கு மேலும் ஆனது. மணிக்கூட்டைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பத்மாவதி நல்லூர் முருகனைக் கூப்பிட்டாள், நான் அந்தோனியாரைக் கூப்பிட்டேன். சிவமணி ஒருவரையும் கூப்பிடவில்லை. இரண்டு கையையும் போனின் இரண்டு பக்கத்திலும் வைத்துக்கொண்டு, இமை வெட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடித்தது.

முதல் மணி முடியுமுன் எடுத்தாள். "ஹலோ" என்றாள். அந்தப் பக்கம் அதே தடிமன் குரல், "அக்கா, அம்மாவைக் கூப்பிட்டீங்களோ?" என்று கேட்டது. அவள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்தாள். ஒரு வருடமாகத் தினமும் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொன்ன அதே கவுண்டர்க் குரலில் சொன்னாள்:

"ஓம் தம்பி. அம்மா வந்திட்டா. கதையுங்கோ."

அதற்கு மேல் அவளால் ரிசீவரைப் பிடிக்க முடியவில்லை. பத்மாவதிதான் அதை வாங்கி அவள் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே அவன் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.